வாசகர் கேள்வி–பதில்: கனடாப் பாட்டியின் தாய்வீடு

கேள்வி: என் அம்மாவின் அம்மாவுக்குப் பாட்டியை எங்கள் வீட்டில் இன்றும் "கனடாப் பாட்டி" என்றே சொல்கிறோம். பெயர் பிலோமினா. வெலிங்டனில் இருந்த வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவரின் மனைவி. தம் மகளைக் கோயம்புத்தூர்ப் பக்கத்துக் கத்தோலிக்க ஆசிரியர் ஒருவருக்குக் கட்டிக் கொடுத்ததால் நாங்கள் தமிழ்க் குடும்பமானோம். கத்தோலிக்கக் கல்லறைத் தோட்டத்தில் உள்ள அவர் கல்லறையில் கணவரின் குடும்பப் பெயரும், "கியூபெக்" என்ற சொல்லும், 1904 என்ற ஆண்டும், வயது 53 என்பதும் மட்டும் படிக்க முடிகிறது. பிறந்த வீட்டுப் பெயர் "பாவேர்" என்று என் பாட்டி சொன்னதாக அம்மாவுக்கு நினைவு. இணையத்தில் தேடினால் ஆயிரக்கணக்கான பிலோமினாக்கள் வருகிறார்கள். எங்கிருந்து தொடங்குவது?
— ஒரு வாசகி, குன்னூர்

பதில்: கனடாவில் பிரெஞ்சு பேசும் மாநிலமான கியூபெக்கிலிருந்து தொடங்காதீர்கள், அம்மா, குன்னூரிலிருந்து தொடங்குங்கள். இப்படிச் சொல்வது உங்களைத் தாமதப்படுத்துவதற்காக அல்ல. கடலுக்கு அப்பால் உங்கள் பாட்டியை அடையாளம் காட்டப்போகிற இரண்டு செய்திகள், அதாவது கணவருடைய படைப்பிரிவின் பெயரும் பாட்டியின் பிறந்த வீட்டுப் பெயரின் சரியான எழுத்தும், நீலகிரியில் கிடைப்பதற்கே வாய்ப்பு அதிகம்.

முதலில் பொதுவான நிலவரத்தைச் சொல்லிவிடுகிறேன். ஜெகதளாவில் படை முகாம்களைக் கட்டும் வேலை 1852-இல் தொடங்கியது. 1860-இல் அந்த இடத்துக்கு வெலிங்டன் என்று பெயர் வந்தது. அதே காலத்தில் கியூபெக் கோட்டையிலும் பிரிட்டிஷ் படைகள் இருந்தன. 1861-ஆம் ஆண்டின் இறுதியில் அமெரிக்காவோடு போர் மூளும் என்ற அச்சம் எழுந்தபோது, ஏறக்குறைய 11,000 சிப்பாய்கள் கூடுதலாகக் கனடாவுக்கு அனுப்பப்பட்டார்கள். 1871 நவம்பரில் கியூபெக்கிலிருந்து பிரிட்டிஷ் படை முற்றிலும் வெளியேறியது. அந்தப் பத்தாண்டுகளில் பிரெஞ்சு பேசும் உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்ட சிப்பாய்கள் பலர். அவர்களில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கு மதம் ஒரு தடையாக இருக்கவில்லை. படைப்பிரிவுகள் கனடாவிலிருந்து இங்கிலாந்துக்கும், சில ஆண்டுகள் கழித்து இந்தியாவுக்கும் மாற்றப்பட்டன. படை அதிகாரிகளின் அனுமதியோடு மணந்தவர்களின் மனைவியர் அரசுச் செலவிலேயே கூட வந்தார்கள்.

இதை உங்கள் பாட்டியின் வயதோடு சேர்த்துப் பாருங்கள். 1904-இல் வயது 53 என்றால் பிறப்பு 1851-ஐ ஒட்டி இருக்கவேண்டும். திருமணம் கியூபெக்கில் நடந்திருந்தால் பெரும்பாலும் 1871-க்கு முன்பே நடந்திருக்கும். அப்படியானால் மணப்பெண்ணுக்கு அப்போது 20 வயதுக்கு மேல் இருக்க முடியாது. (கல்லறையில் பொறிக்கப்படும் வயது இரண்டு மூன்று ஆண்டுகள் முன்பின்னாக இருப்பது சாதாரணம். அதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.) இந்த 20 என்ற எண் பின்னால் நமக்கு மிகவும் பயன்படும்.

இனி நீலகிரியில் செய்யவேண்டியது. பாட்டியின் மகள் இங்கே பிறந்திருந்தால் அவருடைய ஞானஸ்நானப் பதிவைத் தேடுங்கள். குன்னூர், வெலிங்டன் பங்குகளின் (ஒரு குருவின் பொறுப்பில் உள்ள கோவில் வட்டாரங்களின்) பழைய பதிவேடுகள் பங்கிலேயே இருக்கின்றனவா, வேறு எங்காவது போயிருக்கின்றனவா என்பதைப் பங்குத்தந்தையிடம் முதலில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உதகை மறைமாவட்டம் 1955-இல்தான் தனியாக உருவானது என்பதால் அதற்கு முந்திய தாள்கள் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும் என்று எதிர்பார்க்க வேண்டாம். பதிவு லத்தீனில் இருக்கும். "ஃபிலியா லெஜித்திமா", அதாவது முறையான மணத்தில் பிறந்த மகள் என்ற சொற்களைத் தொடர்ந்து தந்தை பெயரும் தாய் பெயரும் வரும். தாயின் பிறந்த வீட்டுப் பெயரையும் சேர்த்து எழுதுவது குருக்களின் வழக்கம்.

இந்த இடத்தில் உங்களுக்கு ஒரு நல்வாய்ப்பு இருக்கிறது. அந்தக் காலத்தில் கோயம்புத்தூர் மறைபரப்புப் பகுதியில் பணியாற்றிய குருக்கள் பாரிஸ் அந்நிய வேதபோதக சபையைச் சேர்ந்த பிரெஞ்சுக்காரர்கள். ஆங்கிலேயப் படை எழுத்தர் காதில் விழுந்தபடி கிறுக்கிவைத்த ஒரு பிரெஞ்சுப் பெயரை, ஒரு பிரெஞ்சுக் குரு தாய்மொழிச் சொல்லாகவே கேட்டுச் சரியாக எழுதியிருப்பார். சில ஆண்டுகளுக்கு முன் வேறொரு குடும்பத்துக்காக நீலகிரிப் பங்கு ஒன்றில் ஜூலை மழையில் மூன்று நாள் உட்கார்ந்து பதிவேடு பார்த்தேன். ஈரம் ஏறித் தாள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. மை பழுப்பேறி, அழுத்தி எழுதிய இடங்களில் தாளையே அரித்திருந்தது. ஒரே தாயின் பெயர் மூன்று குழந்தைகளின் பதிவில் மூன்று விதமாக எழுதப்பட்டிருந்தது. நான்காவது குழந்தைக்கு மட்டும் ஒரு பிரெஞ்சுக் குரு ஞானஸ்நானம் கொடுத்திருந்தார். அந்த ஒரு வரிதான் கியூபெக் பதிவோடு எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போயிற்று. ஆகவே ஒரு பிள்ளையின் பதிவோடு நிறுத்திவிடாமல் எல்லாப் பிள்ளைகளின் பதிவையும் பாருங்கள்.

"பாவேர்" என்று நீங்கள் எழுதியதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது "புவாவேர்" என்ற பெயர். "பச்சை மரம்" என்று பொருள்படும் அந்தக் குடும்பப் பெயர் கியூபெக்கில் உண்டு. அமெரிக்காவுக்குக் குடிபெயர்ந்த சில குடும்பங்கள் அதை அப்படியே ஆங்கிலப்படுத்தி "கிரீன்வுட்" ஆக்கிக்கொண்டன. ஆனாலும் இது என் ஊகம்தான். பதிவேட்டைப் பார்க்கும்வரை இதை உறுதியென்று குறித்துவைக்காதீர்கள்.

படைப்பிரிவின் பெயருக்கு வேறு வழிகளும் உண்டு. சென்னை மாகாணத்தில் நடந்த கிறிஸ்தவ ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் ஆகியவற்றின் நகல்கள் லண்டனுக்கு அனுப்பப்பட்டன. அவை இன்று பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் இருக்கின்றன, கட்டண இணையதளமான ஃபைண்ட்மைபாஸ்ட்டிலும் பார்க்கலாம். கத்தோலிக்கப் பதிவுகள் எல்லாம் அதில் ஏறவில்லை என்றாலும் தேடாமல் விட்டுவிடக் கூடாது. குழந்தையின் பதிவில் தந்தையின் பதவியும் படைப்பிரிவும் எழுதப்பட்டிருக்கும். படைப்பிரிவு தெரிந்ததும், லண்டனுக்கு அருகில் கியூ என்ற இடத்திலுள்ள பிரிட்டிஷ் தேசிய ஆவணக் காப்பகத்தில் அந்தப் படையின் வருகைப் பட்டியல்களைத் தேடலாம். 1868-க்குப் பிந்திய பட்டியல்கள் பலவற்றின் கடைசிப் பக்கங்களில், அனுமதியோடு மணந்த சிப்பாய்களின் மனைவி, பிள்ளைகள் விவரம் இருக்கும். கணவர் ஓய்வூதியத்தோடு விலகியவர் என்றால் அவருடைய பணிவிலகல் தாள்களும் அங்கேயே கிடைக்கக்கூடும்.

ஓர் எச்சரிக்கை. பாளையத்தில் சிப்பாய் இறந்துபோனால் விதவைக்குக் கிடைத்த உதவி சில மாதங்களுக்குத்தான். அதனால் பலர் சீக்கிரமே அதே படையில் இன்னொருவரை மணந்துகொண்டார்கள். கல்லறையில் உள்ள குடும்பப் பெயர் பாட்டியின் இரண்டாம் கணவருடையதாகவும் இருக்கலாம். மகளின் திருமணப் பதிவில் தந்தையின் பெயர் என்னவென்று பார்த்து, கல்லறைப் பெயரோடு ஒப்பிட்டுவிட்டு மேலே செல்லுங்கள்.

இப்போது கியூபெக்குக்கு வருவோம். நான் எழுத விரும்பியதில் முக்கியமானது இதுதான்: பாட்டியை அவர் பெயரால் தேடாதீர்கள், திருமணத்தால் தேடுங்கள்.

காரணம் சொல்கிறேன். ஆங்கிலேயர் இந்தியாவில் வைத்திருந்த திருமணப் பதிவேட்டில் மணமக்களின் தந்தையர் பெயருக்குத்தான் கட்டம் உண்டு. தாய்க்கு இடமே கிடையாது. குழந்தையின் ஞானஸ்நானப் பதிவிலும் தாயின் முதற்பெயர் மட்டும் வந்து, அவர் கணவரின் குடும்பப் பெயருக்குள் மறைந்துபோவார். கியூபெக்கின் கத்தோலிக்கப் பதிவேடு அப்படிப்பட்டதல்ல. அங்கே ஒரு பெண் பிறந்ததிலிருந்து அடக்கமாகும் நாள்வரை பிறந்த வீட்டுப் பெயராலேயே எழுதப்படுகிறார். இறப்புப் பதிவிலும் "இன்னாருடைய மனைவி" என்ற குறிப்பு பின்னால் வருமே தவிர, பெயர் அவருடைய சொந்தப் பெயர்தான். திருமணப் பதிவில் மணமகன், மணமகள் இருவருக்கும் தந்தை பெயர், தாய் பெயர், தாயின் பிறந்த வீட்டுப் பெயர், அவர்கள் எந்தப் பங்கைச் சேர்ந்தவர்கள் என்பதெல்லாம் எழுதப்பட்டிருக்கும். ஒரு திருமணம் கிடைத்தால் அதற்கு முந்திய தலைமுறையின் திருமணத்தைத் தேடத் தேவையான இரு பெயர்களும் கையில் இருக்கின்றன. இப்படி ஒவ்வொரு திருமணமாக ஏறிக்கொண்டே 17-ஆம் நூற்றாண்டுவரை போய்விடலாம். தாயின் தாய், அவருடைய தாய் என்று பெண் வழியிலேயே போவதும் தந்தை வழியைப் போலவே இயலும். பெண் வழியில் வந்த உங்களைப் போன்றவர்களுக்கு இதைவிட நல்ல ஆவணம் உலகில் அதிகம் இல்லை என்றே நினைக்கிறேன்.

அந்தப் பதிவேடுகள் கோவில் கணக்கு மட்டுமல்ல. 1993-ஆம் ஆண்டு முடியும்வரை கியூபெக்கில் அரசின் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவாகவும் அவையே இருந்தன. ஒவ்வொன்றுக்கும் இரண்டு பிரதிகள்: ஒன்று பங்கில், மற்றொன்று நீதிமன்றத்தில். ஒரு பிரதி தீயில் போனாலும் மற்றது இருக்கும். 1621 முதலான பக்கங்களின் படங்களை ஃபேமிலிசெர்ச் இணையதளத்தில் இலவசமாகக் காணலாம்.

பக்கத்தைத் திறந்ததும் கண்ணில் படுவது ஓரக் குறிப்பு. "பி", "எம்", "எஸ்" என்ற மூன்று எழுத்துகளில் ஒன்றும், வரிசை எண்ணும், ஆளின் பெயரும் இருக்கும். "பி" ஞானஸ்நானம், "எம்" திருமணம், "எஸ்" அடக்கம். "எம்" என்ற எழுத்தை மட்டும் பார்த்துக்கொண்டு ஓரமாகவே கண்ணை ஓட்டினால் ஓர் ஆண்டின் பதிவைச் சிறிது நேரத்தில் முடித்துவிடலாம். திருமணப் பதிவின் உள்ளே, நம் கோவில்களில் மூன்று ஞாயிறு ஓலை வாசிப்பது (திருமணம் நடக்கப்போவதை அறிவிப்பது) போலவே அங்கும் ஓலை வாசித்த செய்தி முதலில் வரும். பிறகு மணமகனின் தொழிலும் பெற்றோரும். அதன் பிறகு மணமகள். உங்கள் பாட்டிக்கு 20 வயதுக்கு மேல் இருக்க முடியாது என்று கண்டோம் அல்லவா? அங்கே சட்டப்படி வயது நிறைவது 21-இல். ஆகவே அவர் பெயருக்குப் பின் "ஃபீய் மினேர்", வயது நிறையாத மகள் என்ற சொற்களும், பெற்றோரின் சம்மதம் பெறப்பட்டது என்ற வரியும் இருக்கவேண்டும். கணவர் படைவீரர் என்பதும் எழுதப்பட்டிருக்கும். இரண்டும் பொருந்தி வருகிற பிலோமினா ஆயிரக்கணக்கில் இருக்கமாட்டார்.

கியூபெக் நகரத்தில் அயர்லாந்துக் கத்தோலிக்கர்களுக்கென 1833-இல் திறக்கப்பட்ட புனித பேட்ரிக் கோவிலின் பதிவுகளை முதலில் பாருங்கள். அதன்பின் நோத்ருதாம் பேராலயம். கணவர் புராட்டஸ்டண்ட் என்று தெரியவந்தால் திருமணம் ஆங்கிலிக்கன் குருவிடம் நடந்திருக்கலாம். அந்தப் பதிவுகள் சுருக்கமானவை. மணமக்களின் பெற்றோர் பெயர் பல சமயங்களில் இருக்காது. அப்படி நேர்ந்தால் 1861-ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கைப் பிடித்துக்கொள்ளுங்கள். அப்போது பாட்டி பெற்றோர் வீட்டில் ஒன்பது பத்து வயதுச் சிறுமி. ஆனால் அந்தக் கணக்கில் அடுத்த பிறந்தநாளில் நிறையப்போகும் வயதையே எழுதினார்கள் என்பதால் 10 அல்லது 11 என்று இருக்கும்.

இனி பெயர்ச் சிக்கல்கள். கத்தோலிக்கப் பெண்குழந்தைக்கு ஞானஸ்நானத்தில் முதலில் "மரி" என்றும், பிறகு பெரும்பாலும் ஞானத்தாயின் பெயரும், கடைசியில் வீட்டில் கூப்பிடும் பெயரும் வைப்பது அங்கே வழக்கம். உங்கள் பாட்டி பதிவேட்டில் "மரி லூயிஸ் ஃபிலோமேன்" என்பது போல இருக்கலாம். ஓரக் குறிப்பில் "மரி" மட்டும் கண்டு தாண்டிப் போய்விடாதீர்கள்.

அதைவிடப் பெரிய சிக்கல் இரட்டைக் குடும்பப் பெயர். நம் பத்திரங்களில் "முத்து என்கிற முத்துசாமி" என்று எழுதுவோமே, அதேபோல் அங்கே "தி" என்ற சொல்லை நடுவில் வைத்து எழுதினார்கள். முதல் பெயர் பிரான்சிலிருந்து வந்த மூதாதையின் குடும்பப் பெயர். இரண்டாவது பல குடும்பங்களில் அவர் படைவீரராக இருந்தபோது வைத்துக்கொண்ட பட்டப்பெயர். பின்வந்த தலைமுறைகளில் அண்ணன் ஒரு பெயரையும் தம்பி இன்னொன்றையும் பிடித்துக்கொண்டார்கள். புவாவேர் என்பதே அப்படிப்பட்டதுதான்: அதில் ஒரு கிளை "டெநெவேர் என்கிற புவாவேர்". உங்கள் பாட்டியின் தாத்தா அந்தப் பதிவேட்டில் வெறும் டெநெவேர் என்று மட்டும் இருந்தால், பெயர் தெரியாத ஆள் என்று நினைத்துத் தள்ளிவிடுவீர்கள்.

கடைசியாக, ஏறிப் போகும் வழியில் ஒரு பெண் விதவையாகி மறுமணம் செய்திருந்தால் அந்த இரண்டாம் திருமணப் பதிவில் பெற்றோர் பெயர் வராது. "இன்னாருடைய விதவை" என்று மட்டும் இருக்கும். இறந்த கணவரின் பெயரை வைத்து முதல் திருமணத்தைத் தேடி எடுத்தால் பெற்றோர் கிடைப்பார்கள். வழி தவறி நிற்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் நிற்கிறார்கள்.

1799 வரையிலான பதிவுகளை மொன்றியல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 1966 முதல் உழைத்துக் குடும்பம் குடும்பமாகக் கோத்து வைத்திருக்கிறார்கள். பின்னர் அதற்கு அப்பாலும் நீட்டித்தார்கள். ஆகவே பாட்டியின் தாத்தா பாட்டி காலம்வரை நீங்கள் பாடுபட்டுப் போய்ச் சேர்ந்துவிட்டால், அதற்கு மேல் ஏற ஏணி போட்டு வைத்திருக்கிறார்கள். உச்சியில், 1663-க்கும் 1673-க்கும் இடையே பதினான்காம் லூயி மன்னர் பயணச் செலவு கொடுத்துப் பிரான்சிலிருந்து குடியேற்றத்துக்கு அனுப்பிய ஏறக்குறைய 770 இளம்பெண்களில் ஒருவரை நீங்கள் சந்திக்கக்கூடும். "அரசனின் பெண்மக்கள்" என்று அவர்களை அழைப்பார்கள். பெரும்பாலும் ஏழைகள், பலர் தந்தையை இழந்தவர்கள்.

கேள்வி: என் தந்தையின் பாட்டிக்குத் தாயும் பிரெஞ்சுக் கனடாக்காரர் என்று சொல்வார்கள். எழுத்தில் ஒன்றும் இல்லை. எச்சில் கொடுத்து மரபணுப் பரிசோதனை செய்தால் தெரிந்துவிடுமா?
— ஒரு வாசகர், கொடைக்கானல்

பதில்: ஓரளவு தெரியும். தாயிடமிருந்து மட்டும் வருகிற மைட்டோகாண்ட்ரிய மரபணு உங்களுக்குப் பயன்படாது. உங்கள் வழி தந்தையைத் தொட்டுப் போகிறது, அந்த மரபணுவோ தாய்க்குத் தாய் என்று தொடர்ந்தால்தான் வரும். குன்னூர் வாசகிக்கு அது பொருந்தும். உங்களுக்குப் பொதுவான மரபணுப் பரிசோதனைதான். நான்கு தலைமுறைக்கு முந்திய ஒருவரிடமிருந்து நமக்கு வருவது சராசரியாக 16-இல் ஒரு பங்கு, அதாவது ஏறக்குறைய 6 சதவீதம். அது கண்ணுக்குத் தெரியும் அளவுதான்.

சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது. பிரெஞ்சுக் கனடா மக்கள் சில ஆயிரம் முதல் குடியேறிகளிலிருந்து பெருகியவர்கள். ஒருவருக்கு ஒருவர் பல வழிகளில் சொந்தம். ஆகவே பரிசோதனைப் பட்டியலில் உங்களுக்கு ஏராளமான உறவினர் வருவார்கள். அவர்கள் உண்மையில் இருப்பதைவிட நெருங்கியவர்களாகத் தோன்றுவார்கள். உங்கள் பாட்டி பிரெஞ்சுக் கனடாக்காரர்தானா என்ற கேள்விக்கு அந்தப் பட்டியல் விடை சொல்லும். எந்த வீட்டுப் பெண் என்பதைத் தாள்தான் சொல்லும். கொடைக்கானலில் இருக்கிறீர்கள் என்பதால் ஒன்று: உங்கள் குடும்பத்தில் யாராவது இயேசு சபைக் குருக்களோடு தொடர்புடையவர்களாக இருந்திருந்தால், செண்பகனூர் திரு இருதயக் கல்லூரியில் உள்ள சபையின் ஆவணக் காப்பகத்துக்கு எழுதிக் கேளுங்கள். மதுரை மறைபரப்பின் பழைய தாள்கள் அங்கே காக்கப்பட்டு வருகின்றன.

கேள்வி: எங்கள் பூட்டி கியூபெக்கிலிருந்து வந்தவர். அவருடைய அக்கா மகள் என்று சொல்லப்பட்ட கன்னியாஸ்திரி ஒருவர் பின்னாளில் ஊட்டி மடத்தில் இருந்து, பூட்டியைப் பார்க்க வருவாராம். பூட்டியைப் பற்றி ஒரு தாள்கூட இல்லை. அந்தக் கன்னியாஸ்திரி வழியாக ஏதேனும் கிடைக்குமா?
— ஒரு வாசகி, கோத்தகிரி

பதில்: கிடைக்கும். உங்களுக்கு இதுதான் சிறந்த வழி. மரியாயின் பிரான்சிஸ்கன் மறைபரப்பு சகோதரிகள் சபை 1877-இல் ஊட்டியில்தான் பிறந்தது. தோற்றுவித்தவர் எலேன் து ஷப்போத்தான் என்ற பிரெஞ்சுப் பெண்மணி. அந்தச் சபை 1892-இல் கியூபெக்கில் மடம் திறந்தது. அவர் இந்தச் சபையைச் சேர்ந்தவரா என்பதை முதலில் உறுதி செய்துகொள்ளுங்கள்.

துறவற சபையில் சேரும் பெண் தன் ஞானஸ்நானச் சான்றைக் கொடுத்தாக வேண்டும். அதில் பெற்றோர் இருவரின் பெயரும் பங்கின் பெயரும் இருக்கும். ஆனால் மடத்தில் அவர் அழைக்கப்பட்டது துறவறப் பெயரால். அந்தப் பெயரை வைத்துக் கியூபெக் பதிவேட்டில் தேடுவது வீண். மடத்துக்கு எழுதும்போது துறவறப் பெயர், ஊட்டியில் இருந்த ஏறக்குறைய ஆண்டுகள், தெரிந்தால் இறந்த நாள், இவற்றைக் குறிப்பிட்டு, அவருடைய ஞானஸ்நானப் பெயரையும் பிறந்த பங்கையும் தாயின் பெயரையும் மட்டும் பணிவாகக் கேளுங்கள். அவர் உங்கள் பூட்டிக்கு அக்கா மகள் என்பது உண்மையானால், அவருடைய தாயும் உங்கள் பூட்டியும் ஒரே வீட்டில் பிறந்தவர்கள். கியூபெக் பதிவேட்டில் அந்தத் தாய் கணவர் பெயரால் எழுதப்பட்டிருக்கமாட்டார். உங்கள் பூட்டிக்குப் பிறந்தபோது இருந்த குடும்பப் பெயரால்தான் எழுதப்பட்டிருப்பார்.